பேர் சொல்லாதது ஒரு பொட்டலம்

எங்கள் கடையில் எல்லாம் கிடைக்கும், எலி மருந்து மட்டும் கிடைக்காது. கடை இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியுமாக சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. போன மாதம் அங்கே பில் போடும் பெண்கள் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். வாட்ஸப்பில் வாயால் பேசி அனுப்பும் ஆர்டரில் வாரத்துக்குப் பத்துப் பேராவது எலி மருந்து கேட்கிறார்களாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறதாம். ஏன் விற்கக் கூடாது என்று, கடையை இப்போது நடத்தும் சின்ன முதலாளியைக் கேட்டால், ராஜாத்தியம்மாவைப் போய்க் கேளுங்கள் என்று கைகாட்டிவிடுகிறாராம். நான் காப்பி போட்டுக் கொடுத்தேனே தவிர பதில் சொல்லவில்லை. இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். எழுதினால் நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வாசலில் தபால்காரர் வந்து நின்றால், கடிதம் எங்கே என்று கேட்கமாட்டேன், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கக் கேலி செய்தார். ஆனால் மளிகைக் கடை வேலைக்குப் பயம் நல்ல தகுதி என்பது என் கட்சி.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே சின்ன ஊர் எங்களுடையது. முதலாளியின் தாத்தா கடை போட்ட காலத்தில் சீமெண்ணெய், தீப்பெட்டி, சவுக்காரம், கருப்பட்டி, கோலி சோடா இவ்வளவுதான் சரக்காம். டீத்தூள் வந்தபோது சனங்களுக்கு அதைக் குடிக்கத் தெரியாமல், வாசலில் அடுப்பு வைத்துப் போட்டுக் காட்டினார்களாம். நான் சேர்ந்தபோது சரக்கு முந்நூறு நானூறு தினுசு ஆகியிருந்தது. நாற்று நடப் போய்க்கொண்டிருந்த என் அம்மாதான் என்னைக் கொண்டுவந்து விட்டார். முதலில் பருப்பில் கல் பொறுக்கினேன், பிறகு மிளகாய் காம்பு கிள்ளினேன், பிறகு பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

பொருளைவிடப் பேர்தான் பெரிய பாடம். ஒரே சோப்பை ஒருவர் சவுக்காரம் என்பார், ஒருவர் கட்டி என்பார், ஒருவர் மேலட்டையில் இருக்கும் பொம்மையைச் சொல்லிக் கேட்பார். சோடா என்று கேட்டால் குடிக்கவா, ஆப்பத்துக்கா, துணிக்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதனால் முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். வாடிக்கையாளர் கேட்டதை முன்னால் நிற்பவர் உரக்கக் கூவுவார். உள்ளே நிறுப்பவர் அதை அப்படியே திருப்பிக் கூவ வேண்டும். கட்டி முடித்துக் கையில் கொடுக்கும்போது மூன்றாவது தடவையும் பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கூவாமல் ஒரு சீரகம் போகாது. புதிதாக வருகிறவர்கள் எங்கள் கடையைக் கச்சேரி என்பார்கள்.

எலி மருந்துக்கு இன்னும் கடுமை. அது பின்கட்டில் பூட்டிய தகர டப்பாவில் இருக்கும், சாவி முதலாளி இடுப்பில் இருக்கும். அந்தக் கறுப்புப் பொடியை அவரே காக்கித் தாளில் இரண்டு சுற்று மடித்து, சிவப்பு நூலில் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டிவைப்பார். அந்தக் கட்டைக் கத்தி இல்லாமல் பிரிக்க முடியாது. வாங்குகிறவர் "எலி மருந்து" என்று தன் வாயால் சொன்னால்தான் கொடுப்பார். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அது பெரிய சங்கடம். எலிக்குக் காது உண்டு, பேரைச் சொன்னால் கேட்டுக்கொண்டு போய் வயலில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடும், ஒன்றும் தின்னாது என்று பாதி விளையாட்டாகவும் பாதி நம்பியும் சொல்வார்கள். முதலாளி விடமாட்டார். பெரிய பெரிய மிராசுகள்கூட அவர் காதருகே குனிந்து கிசுகிசுத்துவிட்டு வாங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாளி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களை எல்லாம் வா, போ என்றுதான் பேசுவார். "வாங்க" என்று கூப்பிட்டால் பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை சீமெண்ணெய் ஊற்றும் புனலை ஒரு ஆள் நல்லெண்ணெய் டின்னில் வைத்துவிட்டார். முதலாளி முழு டின்னையும் வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அந்த ஆளிடம், "நீங்க வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார். அந்த ஆள் மறுநாள் வந்தாலும் ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர், தன் மருமகனிடம் மட்டும் எப்போதும் நீங்க, வாங்கதான். பெண் கொடுத்த இடம் அல்லவா.

மருமகன் கோயம்புத்தூர்ப் பக்கம், லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம். பட்டறை நொடித்துப்போய், கடையைப் பழகிக்கொள்ளட்டும் என்று முதலாளி இங்கே கூட்டிவந்து வைத்திருந்தார். கடையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். நல்ல பிள்ளை. புதுப் பேர் ஒன்று காதில் விழுந்தால் சந்தோஷமாக மனப்பாடம் செய்துகொள்வார். அந்த நல்ல குணம்தான் வினையாக முடிந்தது.

வசம்பு என்று ஒரு வேர் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்காது. விளக்கில் சுட்டு, உரைத்து, கடுகளவு எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைப்பார்கள், வயிற்று வலி வராது என்று. ஆனால் அதன் பேரை, அதுவும் விளக்கு வைத்த பிறகு, வாயால் சொல்லமாட்டார்கள். பேர் சொல்லாதது என்பார்கள். அந்த ஒரு பண்டத்துக்கு மட்டும் முதலாளியும் விட்டுக்கொடுத்திருந்தார். பகலில் வசம்பு என்று கூவுவோம், விளக்கு வைத்துவிட்டால் "பேர் சொல்லாதது ஒண்ணு" என்று கூவுவோம். அவசரக்காரர்களுக்காகச் சுட்டுப் பொடித்ததும் வைத்திருந்தோம். அதுவும் கறுப்புப் பொடி.

அது ஐப்பசி மழை. முதலாளி சரக்கு எடுக்கக் கும்பகோணம் போகும்போது, சாவிக் கொத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கு வைக்கும் முன்பே எங்களைப் போன்ற பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். மற்ற ஆட்கள் பின்பக்கம் லாரியில் நனைகிற மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மாப்பிள்ளை தனியாக இருந்தார். விளக்கு வைத்த பிறகு அவர் கடையில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நான் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி கல்லாவில் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை உற்சாகமாக வந்தார்.

"மாமா, நேத்து உங்க ஊர்ப் பேச்சு ஒண்ணு கத்துக்கிட்டேனுங்க. எலி மருந்துக்குப் பேர் சொல்லாததுன்னு சொல்லோணுமாமே. ஒரு விவசாயி சொல்லிக் குடுத்தாருங்க. அவருக்கு ஒண்ணு, அப்பறம் ஒரு பெரியம்மாவும் வந்து அதேதான் கேட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணு குடுத்தேனுங்க."

என் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. முதலாளி ஊதுவத்தியை வைக்கவில்லை, அணைக்கவுமில்லை. அந்த அம்மா என்ன சொல்லிக் கேட்டார், ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றார் மருமகனிடம்.

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்குப் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறது, ராத்திரி முழுக்கத் தூங்கவிடமாட்டேன் என்கிறது என்றாராம் அந்த அம்மா. நிறைய இருக்கிறதா என்று இவர் கேட்டிருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் என்றாராம். அப்படியானால் கொஞ்சம் வைத்தால் போதும் என்றிருக்கிறார் இவர். கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும், எனக்குத் தெரியாதா என்று அந்த அம்மா சிரித்தாராம்.

விளக்கு வைத்த நேரத்தில், நாலு பேர் வந்துபோகும் கடையில், கைக்குழந்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும். எங்கள் பக்கத்தில் பிறந்தவர் யாராக இருந்தாலும் அந்தப் புது ஆள் யார் என்று உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். லேத் பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு எலி என்றுதான் தோன்றியிருக்கிறது.

"வேற என்ன வாங்குனாங்க?" என்றார் முதலாளி.

கட்டிச் சாம்பிராணி, விளக்கெண்ணெய் என்றார் மாப்பிள்ளை. அதற்குமேல் சந்தேகமில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் வீட்டுச் சாமான்.

முதலாளி எழுந்து நின்றார். "அது பச்சப்புள்ளைக்குக் குடுக்குற மருந்துடா. நீ என்னத்தக் குடுத்திருக்கன்னு தெரியுதா?"

மருமகனை அவர் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை அப்படியே பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

செல்போன் இல்லாத காலம். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நேற்று நடந்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா போகும்போது, பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா, பஸ் போகுமா என்று கேட்டார் என்பது மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. கோரையாற்றுப் பாலம் தாண்டிப் போகிற பஸ் ஒன்றுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர், மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று என்று சொல்கிற அளவுக்குச் சின்ன ஊர்கள்.

கடையைச் சாத்தச் சொன்னார் முதலாளி. சாவு விழுந்தால்கூடப் பாதிக் கதவுதான் சாத்துவார். அன்றைக்கு முழுக் கதவையும் சாத்தினோம். முகம் தெரிந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான், வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச, அந்த நேரத்தில் கடைக்கு வந்திருந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் எங்கள் இரண்டு பேரையும் டிவிஎஸ் வண்டியில் முதல் ஊருக்கு அனுப்பினார். மற்ற ஆட்களைச் சைக்கிளில் அடுத்த ஊருக்கு விரட்டினார்.

"நான் ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டரோட நிக்கிறேன். புள்ளைய எடுத்துக்கிட்டு நேரா அங்க வந்துரு ராஜாத்தி. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காத."

பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டே கேட்டார், குழந்தைக்கு மருந்தை எப்போது வைப்பார்கள் என்று. ராத்திரியில் வைக்கமாட்டார்கள், வெயில் ஏறின பிறகு குளிப்பாட்டினதும்தான் என்றேன். வானத்தைப் பார்த்தேன். மழை விட்டு, பாழாய்ப்போன வெயில் அன்றைக்கென்று பளிச்சென்று அடித்தது. மேகமே வா, மூடிக்கொள் என்று வேண்டிக்கொண்டு போனவள் டெல்டாவிலேயே அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் எல்லாம் பயிர் முழுகிவிடும் என்று வெயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் போய், கைக்குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. யார் நீ, எந்த ஊர், எதற்குக் கேட்கிறாய் என்றார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி, தலைவிரிகோலமாக வந்து பச்சைக் குழந்தை எங்கே என்று கேட்டால் யார்தான் சொல்வார்கள்? விஷம் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயம். சொன்னால் ஊர் கூடி எங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நேரம் போய்விடும். வசம்பு வாங்கினது யாரு, வசம்பு வாங்கினது யாரு என்று தெரு நடுவில் நின்று கத்தினேன். எங்கள் கடைக் கச்சேரிக் குரல், நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். கிழவி ஒருத்தி, காலங்கார்த்தால இதென்னடி பேரைச் சொல்லிக் கூப்பாடு என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அப்போதுதான் சாம்பிராணி வாசம் வந்தது.

சாம்பிராணிப் புகை காட்டுவது குளிப்பாட்டின பிறகு. புகை காட்டி, ஈரம் உலர்த்தி, உடனே நாக்கில் மருந்து வைத்து, பால் கொடுத்துத் தூங்கப்போடுவார்கள். வீடு கிடைத்துவிட்டது என்று அந்த வாசம் சொன்னது. நேரம் முடிந்துவிட்டது என்றும் அதுதான் சொன்னது. நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

ஓட்டு வீடு. கொடியில் குழந்தையின் துணிகள் தொங்கின. வாசலில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் மாப்பிள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இவங்கதான் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்று கடையில் வாங்கின மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இப்பத்தான் மருமவ வச்சா. நல்லாத் தூங்குது. ஏன், நீ யாரு?"

நல்லாத் தூங்குது என்ற சொல் என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. உள்ளே பாய்ந்தேன். தூளியில் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கினேன். மூன்று மாதக் குழந்தை, துணி மாதிரி கையில் துவண்டது. பிரசவம் முடிந்து மருமகள் அதைத் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்து நாலு நாள்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. அதன் வாயை விரலால் திறந்தேன். நாக்கு நுனியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

அந்த மருமகள், இருபது வயசு இருக்கும், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைப் பொடியையா வச்ச?" என்று கேட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். "ஆமா. அத்தை குடுத்ததைத்தான் வச்சேன்" என்றாள்.

"அது எலி மருந்தும்மா. மாத்திக் குடுத்துட்டாங்க. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தார். ஆனால் பெற்றவள் அசையவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் நிலையைப் பிடித்தபடி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் என்ன பொம்பளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். குழந்தை முழித்துக்கொண்டு, ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீறிட்டது.

அவள் விடுவிடுவென்று அடுப்படிக்குள் போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துவந்து என் கையில் வைத்தாள். எங்கள் கடையின் காக்கிப் பொட்டலம். முதலாளி கட்டின சிவப்பு நூல், குறுக்கும் நெடுக்கும், அவர் கட்டியபடியே இறுக்கமாக இருந்தது. ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

"நான் இதை வைக்கலை. எங்கம்மா சுட்டுக் குடுத்தனுப்புன வேருதான் உரைச்சு வச்சேன். கடைக்காரங்க எதைச் சுட்டாங்களோ, எதைப் பொடிச்சாங்களோ. நம்பி எம்புள்ள வாயில வைக்கச் சொல்றீங்களா?"

மாமியார் பேச்சைத் தட்டினதை மாமியார் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்றுதான் அவள் அதுவரைக்கும் நின்றிருக்கிறாள். மாமியார் எழுந்துவந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மருமகளைக் கட்டிக்கொண்டு, அவள் காலிலேயே விழுந்துவிடுவார் போல அழுதார். நானும் அழுதேன். வேலிக்கு வெளியே மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை எங்கள் எல்லோரையும்விட உரக்க அழுதது. அந்தச் சத்தம் எனக்குப் போதவில்லை, இன்னும் அழட்டும் என்றிருந்தது.

வேர் உரைத்த கல்லைப் பார்த்தேன், உரைத்த வேரை முகர்ந்தேன், குழந்தையின் வாயையும் மறுபடி பார்த்தேன். சந்தேகப் பிராணிக்கு லேசில் மனசு ஆறுமா? பிறகுதான் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி, வராந்தாவில் டாக்டர். வண்டி திரும்பும்போதே அவர் எங்களைப் பார்த்துவிட்டார். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் நான். என் கையில் குழந்தை இல்லை.

அதை நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் வந்தவளுக்குத் தோன்றவில்லை. அவர் இரண்டு அடி முன்னால் வந்தார், அப்படியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்து தரையில் உட்கார்ந்தார். வேட்டி சேற்றில் கிடந்தது. "புள்ளையைக் கொண்டாரலையா ராஜாத்தி" என்று கேட்டார். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடினேன். "நல்லாயிருக்கு முதலாளி, நல்லாயிருக்கு" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன். அவர் நூலைத் தடவிப் பார்த்தார். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. மூன்று தலைமுறையாக ஒரு பொட்டலம் திரும்பி வந்ததில்லை என்று பெருமைப்படுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "அந்தப் பொண்ணு நம்ம கடைச் சரக்கை நம்பலை முதலாளி. நம்பி எம்புள்ள வாயில வைக்கமாட்டேன்னுட்டா."

அவர் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, விசும்பி விசும்பி அழுதார்.

"நம்பலையா," என்றார். "நல்ல வேளை, தாயி. நல்ல வேளை, நம்பலை."